எங்கள் தென்னைகளில் சுண்ணாம்பு வளையம் போட்டது யார் அனுமதியில்?

பெங்களூரின் தென்கிழக்கு விளிம்பில், ஓசூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊருக்குப் பொறுப்பான திட்டக் குழும அதிகாரிகளுக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும்,

வணக்கம்.

போன மாதம் ஒரு விடியற்காலை, எங்கள் வரப்பில் நிற்கும் ஏழு தென்னைகளிலும் இடுப்பு உயரத்தில் சுண்ணாம்பு வளையம் போட்டிருந்தது. தொட்டால் விரலில் ஒட்டும் ஈரம். கறையானுக்காக யாரோ பூசியிருக்கிறார்கள் என்றுதான் அம்மா நினைத்தார். பக்கத்து நிலத்துக் காவலாளி வந்து விஷயத்தைச் சொன்னார். விமானம் இறங்கும் வழியில் இந்த மரங்கள் நிற்கின்றனவாம். வெட்டச் சம்மதித்தால் மரத்துக்கு இவ்வளவு என்று முதலாளி கொடுத்துவிடுவாராம். அப்பா முப்பது வருடத்துக்கு முன் குழி தோண்டி நட்ட மரங்கள் அவை. அம்மா காவலாளிக்கு மோர் கொடுத்தார்; பதில் கொடுக்கவில்லை.

அந்தப் பக்கத்து நிலத்தில் இரண்டு வருடத்துக்கு முன்புவரை ராகி விளைந்தது. இன்று செம்மண்ணை உருளை போட்டுக் கெட்டித்து, கோடு பிடித்ததுபோல் ஓர் ஓடுதளம். ஓரத்தில் ஒரு கம்பம், அதில் காற்றடிக்கும் திசையைக் காட்டும் துணிப் பை. நிலமும் பயிரும் பதிவாகும் வருவாய் ஆவணமான பஹணியில் இன்னமும் ராகிதான். கேட்டால் டிராக்டர் போகும் பாதை என்கிறார்கள். டிராக்டருக்கு எதற்கு ஐயா காற்றுப் பை?

உங்கள் அலுவலகத்துக்கு நான் மூன்று முறை வந்தேன். விமான விவகாரமெல்லாம் டெல்லி பார்த்துக்கொள்ளும் என்று ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பினீர்கள். இந்த மடலை எழுதக் காரணமே அந்த ஒரு வாக்கியம்தான். டெல்லியில் இருக்கும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் பார்ப்பது விமானம் பாதுகாப்பாக ஏறி இறங்குமா என்பதை. ராகி நிலம் ஓடுதளம் ஆகலாமா என்பதை அவர்கள் முடிவு செய்வதில்லை. அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்கள்.

1964ஆம் ஆண்டின் கர்நாடக நில வருவாய்ச் சட்டம், 95ஆவது பிரிவு, விவசாயி தன் நிலத்தில் கிணறு வெட்டலாம், பண்ணைக் கட்டடம் கட்டலாம், சாகுபடி மேம்பட வேண்டியதைச் செய்யலாம் என்கிறது. வேறு பயன்பாட்டுக்குத் திருப்பப் பொதுவாக மாவட்ட துணை ஆணையரின் (கலெக்டரின்) அனுமதி வேண்டும். 1961ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டமிடல் சட்டமோ, திட்டப் பகுதிக்குள் எந்த நிலப் பயன்பாட்டு மாற்றமும் மேம்பாடும், எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் மாஸ்டர் பிளானுக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. கட்டடம் எழுப்பினால்தான் மேம்பாடு என்று அதில் இல்லை. நிலத்தின் பயன்பாட்டைப் பெருமளவில் மாற்றினாலே மேம்பாடுதான். ஆகவே செங்கல் ஒன்றுகூட வைக்கவில்லையே என்ற வாதம் நிற்காது.

2020இல் நிலச் சீர்திருத்தச் சட்டத்தைத் திருத்தி, விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம் என்றாக்கினார்கள். இதையும் அந்த நிலத்துக்காரர்கள் எங்களிடம் சொல்லிக் காட்டினார்கள். யார் வாங்கலாம் என்பதுதான் அப்போது மாறியது. வாங்கியவர் அதில் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று எந்தத் திருத்தமும் சொல்லவில்லை.

இவ்வளவு அவசரமாக நான் கேட்பதற்குக் காரணம், ஓடுதளம் வேலியோடு நிற்பதில்லை. அதன் இரு முனைகளிலும் வானம் தடையில்லாமல் இருக்க வேண்டும், அந்த வானம் அடுத்தவர் நிலத்துக்கு மேலே இருக்கிறது. பெங்களூரின் வடக்கே இருக்கும் ஜக்கூரைப் பாருங்கள். ஊருக்கு வெளியே இருந்த அரசு விமானப் பயிற்சித் தளம் இன்று நகரத்துக்குள் வந்துவிட்டது. பக்கத்தில் மேம்பாலம் எழுந்ததும் ஓடுதளத்தின் பயன்படும் நீளம் குறைந்தது. அரசின் தளத்துக்கே அந்தச் சிக்கல் என்றால், இங்கே விட்டுக்கொடுக்கப் போவது யார்? மேம்பாலம் அல்ல, எங்கள் தென்னை. நாளைக்கு என் தம்பி கட்ட நினைக்கும் மாடி.

பெங்களூர் விமான நிலையத்தை ஒட்டிய தேவனஹள்ளிப் பக்கம் வான்வெளித் தொழில் பூங்காவுக்கு 1,777 ஏக்கர் எடுக்கும் திட்டத்தை, விவசாயிகள் மறுத்ததால் 2025 ஜூலையில் அரசே கைவிட்டது. அரசு கேட்ட சம்மதத்தைத் தனியார் ஒருவர் கேட்காமலே சுண்ணாம்பால் எழுதிவிட்டுப் போகலாமா?

அந்த நிலத்துக்குப் பயன்பாட்டு மாற்ற அனுமதி கொடுத்தீர்களா, கொடுத்திருந்தால் எந்தத் தேதியில், எந்தப் பயன்பாட்டுக்கு என்று எழுத்தில் சொல்லுங்கள். கொடுக்கவில்லை என்றால் முதல் விமானம் இறங்கும் முன் வேலையை நிறுத்துங்கள். விண்ணப்பம் நிலுவையில் இருந்தால், சுற்றியுள்ள எங்களையும் கூப்பிட்டுக் கேட்ட பிறகு முடிவெடுங்கள்.

ஆய்வுக்கு வருவதாக இருந்தால் ஒரு மழை நாளில் வாருங்கள். கெட்டித்த மண் தண்ணீரைக் குடிக்காமல் எங்கள் ரோஜாப் பாத்திகளுக்குத் தள்ளிவிடுவதையும் அப்போது பார்க்கலாம். சுண்ணாம்பு வளையத்தை நாங்கள் அழிக்கவில்லை. நீங்கள் பார்க்கும்வரை அது அப்படியே இருக்கும்.

இப்படிக்கு,
அந்த ஏழு தென்னைகளின் வீட்டிலிருந்து