'ஹீ ஹா'வை மக்கள் கைவிடவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த அமெரிக்கத் தொலைக்காட்சி பற்றிய கட்டுரையில், கிராமத்து நகைச்சுவையும் பாட்டும் கலந்த 'ஹீ ஹா' நிகழ்ச்சிக்குக் கிடைத்தது நாலே வரி. அதில் ஒன்று: "சோளக்கொல்லைக் கோமாளித்தனம் சலித்துப்போய் 1971இல் மக்கள் இதைக் கைவிட்டார்கள்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

மக்கள் கைவிடவில்லை ஐயா. கைவிட்டது அதை ஒளிபரப்பிய சி.பி.எஸ். தொலைக்காட்சி நிறுவனம். 1969 கோடையில் தொடங்கிய அந்த நிகழ்ச்சி, நிறுத்தப்பட்ட சமயத்திலும் பார்வையாளர் கணக்கில் முதல் இருபது இடங்களுக்குள் இருந்தது. விளம்பரதாரர்களுக்கு நகரத்து இளவட்டங்கள் வேண்டியிருந்தார்கள். அதற்காக 'பெவர்லி ஹில்பில்லிஸ்', 'கிரீன் ஏக்கர்ஸ்' என்று கிராமத்து வாடை அடித்த எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தூக்கினார்கள். மரம் தெரிகிற நிகழ்ச்சி ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை என்று நடிகர் பாட் பட்ரம் நொந்து சொன்னது தாங்கள் அறியாததல்ல. 'ஹீ ஹா' தயாரிப்பாளர்கள் முடங்கிவிடவில்லை. ஊர் ஊராக உள்ளூர் நிலையங்களுக்கு நேரே விற்று, 1992 வரை புதிது புதிதாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். மக்கள் கைவிட்ட ஒன்று அதற்கப்புறம் இருபது வருஷம் ஓடுமா?

எண்பதுகளில் என் கணவர் கிழக்குக் கென்டக்கியில் நிலக்கரிச் சுரங்க ஊர் ஒன்றில் டாக்டராக இருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் 'ஹீ ஹா' பார்க்கப் பக்கத்து வீட்டு அம்மாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள்வார். சுரங்கத்தில் வேலை பார்த்த கணவரை இழந்தவர். மடியில் பீன்ஸைக் கொட்டி நார் உரித்துக்கொண்டே பார்ப்பார். நிகழ்ச்சியில் வரும் கிராண்ட்பா ஜோன்ஸ் ஜன்னல் துடைத்தபடி நின்று, ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்னென்ன என்று வரிசையாக ஒப்பிப்பார். கடைசியில் அந்த ஜன்னல் சட்டத்தில் கண்ணாடியே இருக்காது. அந்த அம்மாளுக்குச் சிரிப்பு அடங்காது. அந்தச் சாப்பாடெல்லாம் அவர் வீட்டு அடுப்பிலும் வெந்ததுதான். தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கிற ஜனங்களை வெளியிலிருந்து ஒருவர் அசடு என்று சொல்லும்போது எனக்கே சுருக்கென்கிறது. அவர்களுக்கு எப்படி இருக்கும்?

இதைவிட என்னை நோகடித்தது கட்டுரையோடு வந்த அந்தப் படம். முழங்காலருகே பெல்ட் கட்டிய ஒல்லி மனிதர். அடியில் "கோமாளிகளில் ஒருவர்" என்று போட்டிருக்கிறீர்கள். அவர் டேவிட் ஏக்மன். ஊருக்கெல்லாம் ஸ்ட்ரிங்பீன். கென்டக்கி மண்ணில் பிறந்த பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் வாசித்த அருமையான கலைஞர். 1973 நவம்பரில் நாஷ்வில் நகரத்தின் கிராண்ட் ஓல் ஆப்ரி இசை மேடையில் வாசித்துவிட்டு வீடு திரும்பிய ராத்திரி, பணம் வைத்திருப்பார் என்று காத்திருந்த திருடர்கள் அவரையும் அவர் மனைவியையும் சுட்டுக்கொன்றார்கள். விடிந்ததும் போய்ப் பார்த்தவர் அதே ஜோன்ஸ். நிகழ்ச்சியில் வரும் சோளக்கொல்லையில் ஸ்ட்ரிங்பீன்தான் காக்காய் விரட்டும் பொம்மையாக நிற்பார். அவருக்குப் பிறகு அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போடவில்லை. வெறும் பொம்மையை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்த அம்மாள் திரையில் விரல் வைத்துக் காட்டியதால்தான் எனக்கே தெரியும்.

குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பெண்களை அரைகுறை உடையில் நிறுத்தியது எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் கட்டுரையாளர் இணையத்தில் கிடைக்கும் அரை நிமிடத் துண்டுகளை மட்டும் பார்த்து எழுதியிருக்கிறார் என்றே படுகிறது. நானும் தினமும் ராத்திரி இணையத்தில்தான் பார்க்கிறேன். கடி ஜோக்கை மட்டும் நறுக்கிப் போட்டுவிட்டு, அடுத்து வரும் பாட்டை வெட்டிவிடுகிறார்கள். முழுதாகத் தேடிப் பார்த்தால்தான் நிகழ்ச்சியை நடத்திய ராய் கிளார்க்கின் விரல்கள் கிதாரில் என்ன செய்தன என்று புரியும். பாஞ்சோ, பிடில் எதை எடுத்தாலும் அவர் கைக்குள் அடங்கும். கூட நடத்திய பக் ஓவன்ஸும் அவரும் எதிரெதிரே நின்று வாசிப்பதைக் கேட்டவர் யாரும் கோமாளித்தனம் என்று கையைக் கழுவ மாட்டார். முதல் நிகழ்ச்சியிலேயே சார்லி பிரைடைப் பாட வைத்தார்கள். கறுப்பினப் பாடகர் ஒருவருக்குக் கண்ட்ரி என்கிற அமெரிக்கக் கிராமத்து இசையில் மேடை கிடைப்பது அன்று எவ்வளவு பெரிய விஷயம் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2018இல் ராய் கிளார்க் காலமானபோது ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன். பிரசுரமாகவில்லை; பதிலும் இல்லை. அமெரிக்க இசை பற்றித் தாங்கள் வெளியிட்ட தொடரில் ஜாஸுக்கு இடம் இருந்தது, ராக்குக்கு இருந்தது. கண்ட்ரி இசைக்கு ஒரு பத்திகூட இல்லை. அப்போதும் பொறுத்துக்கொண்டேன். படித்தவர்கள் நடத்தும் பத்திரிகைக்கு உழவனும் சுரங்கத் தொழிலாளியும் கேட்கிற பாட்டு மட்டும் ஏன் இவ்வளவு இளப்பமாகப் போகிறது?

அடுத்த இதழில் இரண்டே திருத்தம் போடுங்கள். நிகழ்ச்சி 1992 வரை வந்தது என்று ஒரு வரி. அந்தப் படத்துக்கு அடியில் ஸ்ட்ரிங்பீன் என்று அவருடைய பெயர்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
லெக்சிங்டன், கென்டக்கி