குதங்களின் கணக்கை யார் பார்த்தார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் எந்தத் தேத்தண்ணிக்கடையில் குந்தினாலும் சீனக்குடா எண்ணெய்க் குதங்களின், அதாவது எண்ணெய் சேமிக்கும் பெரிய தாங்கிகளின், கதை வந்துவிடும். ஒருவர் ‘அவ்வளவும் இந்தியாவுக்கு வித்தாச்சு’ என்பார். எதிரில் இருப்பவர் ‘எல்லாத்தையும் திருப்பி எடுத்தாச்சு, இனி அவைக்கு ஒண்டுமில்லை’ என்பார். இரண்டு பேர் குரலிலும் துளி சந்தேகம் இருக்காது. 2022 ஜனவரியில் கைச்சாத்தான உடன்படிக்கையைப் பார்த்தால் இரண்டுமே பிழை. 99 குதங்களில் 14 இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசியிடம், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கம்பனியிடம். அந்தக் கம்பனியில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐஓசிக்கு 49 வீதம். குத்தகை 50 வருடம். இந்த ஏற்பாடு நல்லதா கெட்டதா என்று தாராளமாகச் சண்டை பிடிக்கலாம். 50 வருடம் என்பது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் விற்றாயிற்றா இல்லையா என்பதற்குச் சண்டை எதற்கு? தாளில் எழுதியிருக்கிறதே.

இந்த எண்களைச் சொல்லிப் பாருங்கள். ‘அது வெளியில காட்டுற கணக்கு’ என்று பதில் வரும். உள்ளே வேறு கணக்கு இருப்பதைப் பார்த்தீர்களா என்று கேட்டால், ‘உமக்கு அரசியல் விளங்காது’. அதற்குமேல் எந்த ஆதாரமும் எடுபடாது. எதிராக எதைக் கொண்டுபோய் வைத்தாலும், மறைக்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சியாகிவிடும். படிக்காதவர்கள்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். கடற்றொழிலுக்குப் போகிறவர்கள் ‘அது எனக்கு வடிவாத் தெரியாது’ என்று சொல்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். பட்டம் பெற்று, உத்தியோகம் பார்த்து, ஓய்வூதியம் எடுக்கும் எங்கள் ஆட்களின் வாயில்தான் அந்த வசனம் வருவதில்லை.

அரசாங்கங்கள் எதையும் மறைப்பதில்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. கூட்டுத்தாபனத்துக்கு ஒரு கடிதம் எழுதினால், தகவலைத் தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்தாக வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். அந்த மறுப்புக் கடிதத்தோடு ஒருவர் வந்து ‘மறைக்கிறாங்கள்’ என்று சொல்லட்டும், நானும் சேர்ந்து சத்தம் போடுகிறேன்.

2022 மே மாதத்தை மறந்திருக்க மாட்டீர்கள். பிரதமர் பதவியை விட்ட மகிந்த ராஜபக்ச இந்தியாவுக்குத் தப்பிவிட்டார் என்று ஒரே கதை. இந்திய உயர்ஸ்தானிகராலயம் மறுத்தது, யார் கேட்டது? அவர் எங்கள் ஊர்க் கடற்படைத் தளத்துக்குள்தான் இருந்தார், பாதுகாப்புச் செயலாளரே அதைச் சொன்னார். மேலே இருந்தவர்களும் குறைந்தவர்கள் இல்லை. அதற்கு முந்திய வருடம், விவசாய நிபுணர்கள் எச்சரித்தும் கேளாமல், இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை விலக்கும்போது கந்தளாயில் பெரும்போகம் தொடங்கிவிட்டது.

இப்போது மாகாண சபைக் கதை. கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டெம்பரில் முடிந்தது. தேர்தல் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு பக்கம் பிரிந்து வாதம் கிளம்பும். சபை வந்தால் துறைமுகம் எங்கள் கையில் என்பார் ஒருவர். சபைக்கு ஒரு அதிகாரமும் கிடையாது, வெறும் கண்துடைப்பு என்பார் மற்றவர். எந்த அதிகாரம் யாருக்கு என்று சொல்லும் மூன்று நிரல்கள், அதாவது பட்டியல்கள், அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் இருக்கின்றன, தமிழிலேயே வாசிக்கலாம். துறைமுகம் மத்திய அரசுக்கு ஒதுக்கிய நிரலில் கிடக்கிறது, எந்தச் சபை வந்தாலும் கிடைக்காது. மறுபக்கம், தேசிய பாடசாலைகள் தவிர்ந்த பாடசாலைகள் பெரும்பாலும் மாகாணத்தின் பொறுப்பு. பொலிஸ் அதிகாரம் மாகாண நிரலில் எழுதப்பட்டும் இன்றுவரை கைக்கு வரவில்லை. இதில் உண்மையாகவே கோபப்பட ஒரு விஷயம் உண்டென்றால் அது இந்தப் பொலிஸ் அதிகாரம்தான். அதை விட்டுவிட்டு, வரவே முடியாத துறைமுகத்துக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். தேர்தல் வந்து, மேடைப் பேச்சுகளைப் பிரசுரிக்கும்போது, வேட்பாளர் வாக்குறுதி தந்த விடயம் எந்த நிரலில் இருக்கிறது என்பதை அந்தச் செய்தியின் கீழேயே இரண்டு வரியில் போடுங்கள். எல்லாக் கட்சிக்கும் ஒரேமாதிரி. இடம் போதாவிட்டால் ராசிபலனில் கொஞ்சம் குறைக்கலாம், நான் முறைப்பாடு செய்யமாட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.