கதவணையைக் காலி செய்யும் முன்: காவிரிப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேட்டூருக்குக் கீழே, மின்சாரம் எடுப்பதற்காகக் காவிரியை ஷட்டர் வைத்துத் தேக்கும் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை கதவணைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர்களுக்கும் மீன்வளத்துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

ஷட்டர் பராமரிப்புக்காக இந்தக் கதவணைகளில் தேங்கிய தண்ணீரை வடித்துக் காலி செய்கிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல். பராமரிப்பே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஷட்டர் துருப்பிடித்தால், அடி ரப்பர் தேய்ந்து கசிந்தால், சரிசெய்துதான் ஆக வேண்டும். 2018 ஆகஸ்ட் 22 இரவு திருச்சி பக்கம் முக்கொம்பு மேலணையில் மதகுகள் அடுத்தடுத்து உடைந்து போனதைப் பார்த்த பிறகு, பராமரிப்பைக் குறை சொல்ல காவிரிக்கரையில் யாருக்கும் வாய் வராது. ஷட்டரைச் சரிசெய்ய ஆற்றையே துடைத்துக் காலி செய்ய வேண்டுமா என்பதுதான் கேள்வி.

நெரிஞ்சிப்பேட்டையில் தண்ணீரை வடித்ததும், எதிர்க்கரை பூலாம்பட்டிக்குப் போகும் விசைப்படகு நின்றுவிடும். செய்தித்தாளில் அது ஒரு சின்னச் செய்தி. பக்கத்திலேயே பாறை இடுக்குகளில் கூடையும் வலையுமாக மீன் பிடிக்கும் கூட்டத்தின் படம் வரும், ஏதோ திருவிழா மாதிரி. கூட்டம் கலைந்த பிறகு அந்தப் பாறைக் குழிகளில் என்ன நடக்கிறது என்பது செய்தியாவதில்லை.

முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும். முதல் நாள் தெளிவாகத்தான் இருக்கும். பிறகு சுற்றியுள்ள பாறை சுடச்சுடத் தண்ணீரும் சூடாகும்; சூடான தண்ணீரில் ஆக்சிஜன் தங்காது. பாசி பகலில் ஆக்சிஜனைக் கொடுத்தாலும் இரவில் தானே இழுத்துக்கொள்ளும். அதனால் விடியற்காலைதான் மீனுக்குக் கண்டம். கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். விரால், தேளி போல மேல்காற்றைக் குடிக்கத் தெரிந்தவை கொஞ்சம் தாங்கும். கண்ட தண்ணீரிலும் பிழைக்கிற ஜிலேபி (திலாப்பியா) மீனும் தாங்கும். கருமுழிக்கெண்டை போன்ற காவிரியின் பழைய குடிகளுக்கு அந்தத் தெம்பு இல்லை. ஒவ்வொரு முறை ஆற்றை வடிக்கும்போதும், வெளிநாட்டிலிருந்து வந்த ஜிலேபிக்கு நாமே இடம் ஒதுக்கிக் கொடுக்கிறோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இன்னொரு பக்கம், நாட்டின மீன்குஞ்சுகளை அரசு செலவில் இதே ஆற்றில் விட்டுப் படமும் எடுத்துக்கொள்கிறோம். இரண்டு துறைகளும் ஒருமுறை உட்கார்ந்து பேசினால் என்ன?

என் கோரிக்கைகளில் முதலாவது, தேதி. ஜனவரி 28-ல் மேட்டூரில் பாசனத் தண்ணீரை நிறுத்தி ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். நடுவில் நான்கு மாதத்துக்கு மேல் இருக்கிறது. பிப்ரவரியில் காலை நேரத் தண்ணீர் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும். மே மாதத்திலோ வெயில் ஒரு பக்கம், புதுவெள்ளத்துக்காக வயிற்றில் சினை கட்டிக் காத்திருக்கும் தாய்மீன்கள் ஒரு பக்கம். டெண்டரும் நிதியும் கைக்கு வர நேரமாகும் என்பது புரிகிறது; ஆனால் வருடா வருடம் வருகிற வேலைக்கு முந்தைய வருடமே கோப்பை நகர்த்த முடியாதா?

இரண்டாவது, வேலை செய்யும் முறை. 2024 ஆகஸ்ட் 10 இரவு கர்நாடகத்தின் துங்கபத்ரா அணையில் 19-ஆம் எண் ஷட்டர் அடித்துக்கொண்டு போனபோது, ஓடுகிற வெள்ளத்திலேயே தடுப்புப் பலகைகளை இறக்கி, ஒரு வாரத்துக்குள் தண்ணீரை நிறுத்தினார்கள். அணையைக் காலி செய்யவில்லை. அவ்வளவு பெரிய அணையில் அவசரத்தில் முடிந்தது, சின்னக் கதவணையில் நிதானமாகத் திட்டமிட்டால் முடியாதா? ஒரு கண்ணை (ஒரு ஷட்டர் இருக்கும் வழியை) அடைத்து வேலை பாருங்கள், மற்றக் கண்களில் தண்ணீர் நிற்கட்டும். காலி செய்தே தீர வேண்டிய வேலை என்றால் ஒரே ராத்திரியில் வடிக்காமல் சில நாட்களில் மெல்ல இறக்குங்கள். மீன் தண்ணீரோடு ஆழமான மடுவுக்கு இறங்கிவிடும். கடைசி சில அடிகளைப் பகலில், மீனவர் கூட்டுறவுச் சங்கத்து ஆட்களை வலையோடு நிறுத்திக்கொண்டு இறக்குங்கள். குழியில் சிக்கியதை வாரி கீழே ஓடுகிற தண்ணீரில் விட அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, கூலி கொடுத்தால் போதும். வெடித் தோட்டா வைத்து மீன் பிடிப்பதையும் விஷம் கலப்பதையும் 1897-ஆம் வருட இந்திய மீன்வளச் சட்டமே தடுக்கிறது. அந்த நாட்களில் மட்டுமாவது அதைக் கண்காணிக்க ஆள் போடுங்கள்.

பெரும்பாலும் யாரும் பேசாதது, வேலை முடிந்து திரும்ப நிரப்பும் கட்டம். ஷட்டர்களை இறக்கிவிட்டால் தேக்கம் நிரம்பும்வரை கீழே இருக்கிற ஆறு இரண்டாம் முறை சாகும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கதவணையின் தேக்கம் ஏறக்குறைய அரை டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). மேலிருந்து விநாடிக்கு 1,000 கன அடி வருகிறது என்று வைத்துக்கொண்டால், முழுவதையும் பிடித்து வைத்தால் 6 நாளில் நிரம்பும். அதில் 250 கன அடியைக் கீழே விட்டுவிட்டால் 8 நாள் ஆகும். மின் உற்பத்தி இரண்டு நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். 30 மெகாவாட் நிலையத்துக்கு இது தாங்காத நஷ்டமா? அந்த 250 கன அடி கீழே உள்ள குடிநீர்க் கிணறுகளுக்கும், பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் சாயக்கழிவு சேரும் இடங்களுக்கும் கூட உதவும்.

ஆற்றுக்கென்று தண்ணீர் விடுவது புதுக் கோரிக்கை அல்ல. 2007 காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பே சுற்றுச்சூழலுக்காக 10 டிஎம்சியைத் தனியாக ஒதுக்கியது. ஆறுகளில் தண்ணீர் குறைந்த காலத்துச் சராசரி ஓட்டத்தில் 15 முதல் 20 சதவீதமாவது ஓட வேண்டும் என்று 2017-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் சொல்லியிருக்கிறது. பக்கத்து மாநிலத்திடம் தண்ணீர் கேட்கும்போது தீர்ப்பின் ஒவ்வொரு வரியையும் எடுத்துக்காட்டுகிற நாம், நம் கையில் இருக்கும் ஷட்டருக்கு வரும்போது மட்டும் அந்த வரிகளைத் தாண்டிப் போகக் கூடாது.

அடுத்த பராமரிப்புக்கு 15 நாள் முன்பாக, எந்தத் தேதியில் எவ்வளவு அடி இறக்குவீர்கள், குறைந்தபட்சம் எவ்வளவு கன அடி கீழே விடுவீர்கள், மீன்களை மாற்றும் பொறுப்பு யாருடையது என்று ஒரு பக்க அறிவிப்பைப் படகுத்துறையிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் ஒட்டுங்கள். ஆள் போதவில்லை என்றால் அதையும் அதிலேயே எழுதுங்கள். இரண்டு கரையிலிருந்தும் வருகிறோம்.

இப்படிக்கு,
காவிரிக்கரைவாசி ஒருவர்