தன்னம்பிக்கைப் பயிற்சிப் பட்டியலில் இருந்து ஒரு பெயரை எடுக்கக் கோரி

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கும் மனிதவளத் துறையினருக்கும்,

வணக்கம். வரும் வியாழக்கிழமை நடக்கவிருக்கும் தன்னம்பிக்கைப் பயிற்சிக்கான பட்டியல் நேற்று மெயிலில் வந்தது. மொத்தம் 18 பெயர்கள். ஏழாவது பெயரைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அது யார், சென்ற மாத ரிவ்யூ மீட்டிங்கில் அவருக்கு என்ன நடந்தது என்றெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை. உங்களில் இரண்டு பேர் அந்த அழைப்பில் இருந்தீர்கள். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. போதுமான அளவுக்கு அது ஏற்கெனவே அடிபட்டுவிட்டது.

நான் கேட்பது சின்ன விஷயம். தவறைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். எல்லார் முன்னாலும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், அது அவர் தவறில்லை என்று தெரிய வரும்போது அதையும் எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்.

அன்று 34 பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் தயாரித்த ஷீட் திரையில் விரிந்தது. சில எண்கள் பொருந்தவில்லை. "இதைக்கூடச் சரிபார்க்கத் தெரியாதா?" என்று மேனேஜர் ஆரம்பித்தார். பிறகு ஒவ்வொரு கட்டத்தின் மேலும் மவுஸை நிறுத்தி "இது என்ன? சரி, இது என்ன?" என்று பதினோரு நிமிடம். இவர் இரண்டு தடவை பதில் சொல்ல வாயெடுத்தார். இரண்டு தடவையும் "நான் முடித்துக்கொள்கிறேன்" என்று அடக்கப்பட்டார். தவறான எண்களை அனுப்பியது வேறொரு பிரிவு என்று மறுநாளே தெரிந்துவிட்டது. அதன் பிறகு இவருக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது: "அது உங்கள் தப்பில்லை போலிருக்கிறது. இனிமேல் கவனமாக இருங்கள்." தப்பே செய்யாதவர் இனிமேல் எதில் கவனமாக இருப்பது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. திட்டு விழுந்தது 34 பேருக்குக் கேட்டது. தப்பில்லை என்பது இவர் ஒருவருக்கு மட்டும் கேட்டது. மற்றவர்கள் கணக்கில் இவர் இன்னமும் ஷீட்டைக் கோட்டைவிட்டவர்தான்.

அதற்கப்புறம் என்ன ஆனது என்பது உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. பக்கத்து இருக்கையில் இருக்கும் எனக்குத் தெரியும். சென்ற வாரம் ஒரு மெயில் அனுப்ப வேண்டியிருந்தது. 'அறிக்கையை இணைத்திருக்கிறேன், பார்த்துவிட்டுச் சொல்லவும்' என்கிற அளவுதான். டைப் செய்தார், அழித்தார், மறுபடி டைப் செய்தார். என் பக்கம் திரும்பி, "அக்கா, 'சொல்லவும்'னு போட்டா அதிகாரம் பண்ற மாதிரி இருக்குமா?" என்றார். 'சொன்னால் நன்றாக இருக்கும்' என்று மாற்றினார். பிறகு, இணைத்தது சரியான அறிக்கைதானா என்று நான்கு தடவை திறந்து பார்த்தார். ஒரு வரி மெயிலுக்கு நாற்பது நிமிடம். அதன் பிறகும் அனுப்பவில்லை. 'நீங்க ஒரு தடவை பாருங்களேன்' என்று எனக்கு அனுப்பினார்.

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து மூன்று நாள் கையால் போட்டுக்கொண்டிருந்த மாதக் கணக்கை, சேர்ந்த ஆறாவது மாதத்தில் ஒரு டெம்ப்ளேட் போட்டு ஒரு மணி நேர வேலையாக்கியவர் இவர்தான். யாரும் சொல்லிச் செய்ததில்லை. இப்போது மீட்டிங் தொடங்கும் முன்பே கேமராவை அணைத்துவிடுகிறார். புதிய பிராஜெக்டுக்குக் கேட்டபோது "வேற யாராவது பாக்கட்டும்" என்று ஒதுங்கிக்கொண்டார்.

இவருக்குத் தன்னம்பிக்கை குறைவு என்று நீங்கள் கண்டுபிடித்திருக்கிறீர்கள். காலை மிதித்தவர்களே கூப்பிட்டு நடக்கக் கற்றுக்கொடுப்பது பெரிய மனசுதான்.

சென்ற வருடப் பயிற்சிக்கு நானும் போயிருந்தேன். காலை அகட்டி, இடுப்பில் கை வைத்து, இரண்டு நிமிடம் வெற்றி வீரர்போல நிற்கச் சொன்னார்கள். நின்றோம். அப்படி நின்றால் உடம்பில் ஹார்மோன்களே மாறும், அறிவியல் நிரூபித்திருக்கிறது என்றார் பயிற்சியாளர். 2010இல் 42 பேரை வைத்து நடந்த ஆய்வு அது. 2015இல் வேறொரு குழு 200 பேரை வைத்து அதையே செய்து பார்த்தபோது, வலிமையாக உணர்ந்ததாகச் சொன்னார்களே ஒழிய, ஹார்மோன் எதுவும் மாறவில்லை. முதல் ஆய்வின் முதன்மை ஆசிரியரான டேனா கார்னியே 2016இல், தனக்கு இனி அதில் நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாக எழுதிவிட்டார். நாங்கள் மட்டும் அதற்குப் பிறகும் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருக்கிறோம்.

'என்னால் முடியும்' என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதை ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977லேயே எழுதிவைத்தார். ஒரு வேலையைத் தானே செய்து முடித்த அனுபவம்தான் அதில் முதன்மையானது. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, அடுத்தவர் சொல்லும் ஊக்க வார்த்தை, அந்த நேரத்தில் மனமும் உடம்பும் இருக்கும் நிலை எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த ஊக்க வார்த்தைக்கு வெளியிலிருந்து ஆள் கூட்டி வருகிறீர்கள். செய்து முடித்த அனுபவமோ இவரிடம் ஏற்கெனவே இருந்தது. அதைத்தான் பதினோரு நிமிடத்தில் பிடுங்கிக்கொண்டீர்கள்.

எல்லார் முன்னாலும் கேட்டால்தான் மற்றவர்களுக்கும் பயம் இருக்கும், தவறு குறையும் என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளைக் கணக்கெடுத்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு, அங்கேதான் எண்ணிக்கை அதிகமாக வந்தது. அந்தக் குழுக்களில் இருந்தவர்கள் தவறைச் சொல்லப் பயப்படவில்லை, அதனால்தான் அவை கணக்கில் வந்தன என்று பிறகு புரிந்துகொண்டார். நம் பிரிவில் இந்த மாதம் ஒரு தவறுகூடப் பதிவாகவில்லை என்று பெருமையாக அறிக்கை போட்டீர்களே, அதைப் படித்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

அப்புறம் அந்த அப்ரைசல் படிவம். நம்மை நாமே 1 முதல் 5 வரை மதிப்பிட்டுக்கொள்ள வேண்டும். 5 போட்டால் தலைக்கனம். 3 போட்டால் தன்னம்பிக்கை இல்லை. 4 போட்டால் "சும்மா எல்லாரும் போடுவதுதானே?" வரவேற்பறைச் சுவரில் 'தயங்காமல் பேசுங்கள்' என்ற போஸ்டர் வேறு. பேசியவர்கள் எந்த இருக்கைக்கு மாற்றப்பட்டார்கள் என்ற பட்டியலையும் அதன் கீழே ஒட்டினால் பொருத்தமாக இருக்கும்.

மன்னிக்கவும், எங்கோ போய்விட்டேன். மேனேஜர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அவருக்கு மேலே உள்ளவர் அவரையும் அப்படித்தான் நடத்துகிறார், பார்த்திருக்கிறேன். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று அன்றைக்கே எனக்குச் சந்தேகம் இருந்தது. பதினோரு வருட அனுபவம் உள்ள நானும் அந்தப் பதினோரு நிமிடமும் மியூட்டில்தான் இருந்தேன். இந்த மடலை இவ்வளவு நீளமாக எழுத வைத்தது பாதி அந்தக் குற்ற உணர்ச்சிதான்.

எனவே பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். தவறைத் தனியாகச் சொல்லுங்கள். சென்ற மாத மீட்டிங்கில் காட்டிய எண்கள் இவர் தவறால் வந்தவை அல்ல என்பதை, அடுத்த ரிவ்யூவில் அதே 34 பேர் முன்னால் ஒரு வாக்கியமாகச் சொல்லச் செய்யுங்கள். பதினோரு நிமிடம் வேண்டாம், அரை நிமிடம் போதும். வியாழக்கிழமைப் பட்டியலில் இருந்து ஏழாவது பெயரை எடுத்துவிடுங்கள்.

காலியாகும் அந்த இடத்துக்கு யாரை அனுப்பலாம் என்று கேட்டால் என்னிடம் ஒரு பெயர் இருக்கிறது. அதை உங்களிடம் தனியாகத்தான் சொல்வேன்.

இப்படிக்கு,
பக்கத்து இருக்கைக்காரி