மட்பாண்டக் கலைஞர்கள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. புதியவர்களுக்குச் சக்கரப் பயிற்சி அளிக்கப்பட்டது. பெரிய சூளையின் கம்பிச்சுருள் மாற்றப்பட்டது.

இந்த ஆண்டின் முக்கியப் பணி ஃபிரிட் மெருகு, அதாவது ஃபிரிட் என்னும் கண்ணாடிப்பொடியால் ஆன, சூட்டில் உருகிப் பானைமேல் கண்ணாடிபோல் படியும் பூச்சு. அதுவரை நாம் மெருகில் வெங்காரத்தை அப்படியே கலந்து வந்தோம். அது தண்ணீரில் கரையும். இரவு மூடி வைத்த வாளியை மறுநாள் திறந்தால் ஓரமெல்லாம் படிகம் கட்டியிருக்கும். கரைந்த பங்கு, ஒருமுறை சுட்டு இன்னும் மெருகிடாத பிஸ்க் பானையின் நுண்துளைகளில் இறங்கிவிடும். அதனால்தான் ஒரே வாளியில் முக்கியெடுத்த முதல் குவளையும் கடைசிக் குவளையும் வெவ்வேறாக வந்தன. வெங்காரத்தைச் சிலிக்காவோடு முன்பே உருக்கிக் கண்ணாடியாக்கி, தண்ணீரில் கொட்டி உடைத்து, பொடியாக அரைத்ததுதான் ஃபிரிட். வெங்காரத்திலுள்ள போரான் அந்தக் கண்ணாடிக்குள் அடைபட்டுவிடுவதால் தண்ணீரில் கரைந்து போகாது.

சூளைச் சூட்டைக் குறிக்கும் கோன் அளவில் 04-க்கு, அதாவது ஏறத்தாழ 1060 டிகிரி செல்சியஸுக்கு, முதலில் ஃபெர்ரோ நிறுவனத்தின் சோடா மிகுந்த 3110 எண் ஃபிரிட்டை முயன்றேன். பளபளப்பு அருமை. ஆனால் சூளையைத் திறந்த அன்று மாலை, மெருகிட்ட சோதனை ஓடுகள் ஒவ்வொன்றாக 'டிங்' என்று ஒலித்து, சிலந்தி வலைபோல் விரிசல் விட்டன. சோடா மெருகு ஆறும்போது களிமண்ணைவிட அதிகமாகச் சுருங்குகிறது. எனவே 3124 எண் ஃபிரிட்டுக்கு மாறி, அதன் 90 பங்குக்கு 10 பங்கு கயோலின் என்னும் வெண்களிமண் சேர்த்தேன். அதன்பிறகும் தெரிந்த மெல்லிய விரிசல், சிலிக்காவைச் சிறிது சிறிதாகக் கூட்டியபின் நின்றது.

சோதனை நாட்களை எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிவித்தேன். வந்தவர்கள் இருவர். வராதவர்கள் பின்னர், "ஃபிரிட் அடியில் கல்லாய் இறுகுகிறது" என்று புகார் எழுதினார்கள். கண்ணாடிப்பொடி கனமானது, படியத்தான் செய்யும். கயோலினும் ஒரு சிட்டிகை எப்சம் உப்பும் சேர்த்திருந்தாலும், அடிவரை கலக்கிய பிறகே முக்க வேண்டும் என்று வாளியின் மேலேயே எழுதி ஒட்டியிருந்தேன். மேல்நீரில் முக்கினால் மெருகு எங்கிருந்து ஏறும்?

சந்தா பாக்கி இந்த ஆண்டும் கணிசமாக உள்ளது. பாக்கி வைத்திருப்போரின் பானைகளும் சூளையில் தவறாமல் இடம்பெற்றன என்பதைப் பதிவு செய்கிறேன். வரவு செலவு ஏறக்குறைய சமமாக உள்ளது. விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். ஃபிரிட் வாங்கியதில் பற்றாமல் போன தொகையை நானே போட்டிருக்கிறேன், அவசரமில்லை.

ஒத்துழைத்த தலைவர், பொருளாளர், சூளைப் பொறுப்பாளர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு நிறமிச் சோதனைகள் தொடர வேண்டும். என் உடல்நிலையில் தனியாகச் செய்வது கடினம். சோதனை நோட்டு என் மேசையில் இருக்கிறது, 41ஆம் ஓடு வரை எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்