தும்பைப்பட்டிப் படம் கண்டு எழுதியது

ரங்கூன்

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். உன் நலமும் வீட்டாரின் நலமும் அறிய ஆவல். முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் போன வாரம் பீலிக்கான் அங்காள பரமேசுவரியைத் தரிசித்துவிட்டு வந்தேன். வீடு திரும்பியபோது உன் கடிதம் காத்திருந்தது.

தும்பைப்பட்டியில் முன்னாள் அமைச்சர் கக்கனின் மணிமண்டபத்தின் முன் நீ நிற்கும் படம் தெளிவாக இருக்கிறது. அதன் பின்புறம், "பதவி போன பின் பேருந்துக்குக் காத்து நின்றவர்" என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரிதான் இவ்வளவு நீளமாக என்னை எழுத வைக்கிறது.

கக்கன் என்றாலே நம்மவர்கள் அந்தப் பேருந்தையும், மதுரை அரசு மருத்துவமனையின் பொதுப்பிரிவில் அவர் படுத்திருந்ததையும், வேறொருவரைப் பார்க்க வந்த எம்.ஜி.ஆர். அவரை அங்கே கண்டு கலங்கியதையும் சொல்லி உருகுகிறார்கள். நானும் உருகியவன்தான். ஆனால் கவனித்துப் பார், அந்தக் கதைகளில் அவர் எதுவும் செய்வதில்லை. படுத்திருக்கிறார், இல்லையென்றால் காத்து நிற்கிறார்.

வறுமையை நாம் ஏட்டில் படித்தா தெரிந்துகொண்டோம்? 1964இல் இங்கே கடைகளைப் பர்மிய அரசு எடுத்துக்கொண்ட பிறகு நீங்கள் கப்பலேறிய நாளில், துறைமுகச் சோதனையில் உன் அம்மா காதுத் தோட்டைக் கழற்றி மேசைமீது வைத்துவிட்டு, துளை தூர்ந்துவிடாமலிருக்க வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வறுமையை அப்படிப் பார்த்த நாம், ஒருவர் ஏழையாக இருந்ததையே அவருடைய சாதனையாகச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

அவர் செய்தவை வேறு. கிராமக் கோயில் பூசாரியின் மகனாகப் பிறந்தும், தாழ்த்தப்பட்டவர் என்பதால் மீனாட்சியம்மன் கோயில் வாசலைத் தாண்ட முடியாதிருந்தவர், 1939 சூலை 8ஆம் நாள் மதுரைக் காங்கிரசுத் தலைவர் வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்ற சிறு குழுவில் ஒருவராக உள்ளே போனார். 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் அலிப்பூர்ச் சிறையைக் கண்டார். 1952இல் மக்களவைக்குப் போனவரை, 1957இல் காமராசர் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டு பொதுப்பணித் துறையைக் கொடுத்தார். 1959இல் வைகை அணை திறக்கப்பட்டபோது அந்தத் துறை அவரிடம்தான் இருந்தது. மதுரையில் நீ இன்று குடிக்கும் தண்ணீரில் அவருடைய உழைப்பும் கலந்திருக்கிறது என்று சொன்னால் பேருந்துக் கதையைப் போல யாரும் கண் கலங்க மாட்டார்கள். ஓர் அமைச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டியது அதுவல்லவா?

நிழலான பக்கத்தையும் மறைக்க வேண்டியதில்லை. நீ கரையிறங்கிய காலத்தில் பக்தவத்சலம் முதலமைச்சர், கக்கன் உள்துறை அமைச்சர். 1965 சனவரியில் உங்கள் மதுரையில் மூண்டு மாநிலமெங்கும் பரவிய இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் காவலர்களின் துப்பாக்கிக்குப் பலர் இரையானார்கள். முடிவெடுத்தவர் முதலமைச்சர்தான் என்று வாதாடலாம். என்றாலும் அந்த நாற்காலியில் இருந்தவருக்கு அதில் பங்கில்லை என்று என்னால் எழுத முடியாது. அவருடைய கை சுத்தம் என்பதில் எனக்கு ஐயமில்லை. இந்தக் கேள்விக்கு அது விடையாகாது. 1967இல் மேலூர் தெற்குத் தொகுதியில் தி.மு.க.வின் ஓ.பி. ராமனிடம் தோற்றார். பேருந்துக் கதைகள் அதன் பிறகே தொடங்குகின்றன. 1981 டிசம்பரில் காலமானார்.

அடுத்த முறை மேலூர்ப் பக்கம் போனால் எனக்காக ஒன்று செய். மண்டபத்துக்குள் 1939ஆம் ஆண்டுக்கும் 1965ஆம் ஆண்டுக்கும் சுவரில் எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து எழுது. உன் பேரனையும் அழைத்துப் போ. எழுத்துக்கூட்டிப் படிக்க அவனுக்கு அங்கே நிறைய இருக்கும்.

உன் பழைய தோழன்