ஆறு ஃபேன் இருக்கு, எதுல சொருகியிருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

வெயில் காலத்துல கம்ப்யூட்டர் ஹீட் ஆகாம பாத்துக்கறது எப்படின்னு உங்க பேப்பர்ல வந்த குறிப்பைப் படிச்சேன். தூசி தட்டுங்க, சுவத்தோட ஒட்டி வைக்காதீங்கன்னு சொன்னதெல்லாம் சரிதான். ஆனா கடைசில கூடுதலா ரெண்டு மூணு ஃபேன் மாட்டிக்கலாம்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க, சிக்கலே அங்கதான் ஆரம்பிக்குது. நான் திருச்சியில கம்ப்யூட்டர் அசெம்பிளும் சர்வீஸும் பண்றவன், ஃபேன் பத்தாம வர்ற மெஷினை விட ஃபேன் கனெக்ஷனைத் தப்பா கொடுத்து வர்ற மெஷின்தான் என் டேபிளுக்கு அதிகம் வருது.

இப்ப வர்ற கேபினட்ல (கம்ப்யூட்டர் பெட்டி) முன்னாடி மூணு, மேல ரெண்டு, பின்னாடி ஒண்ணுன்னு லைட்டோட ஆறு ஃபேன் இருக்கும். பட்ஜெட் மதர்போர்டுலயோ சிபியூ (பிராசஸர்) கூலருக்கு ஒரு ஹெட்டர், அதாவது ஃபேன் வயர் சொருகற இடம், கேபினட் ஃபேனுக்கு ஒண்ணோ ரெண்டோ, அவ்ளோதான். மிச்சத்தை என்ன பண்றது? நிறைய கடையில எஸ்எம்பிஎஸ்ல (பவர் சப்ளை) இருந்து வர்ற மோலெக்ஸ்ங்கற பெரிய நாலு பின் பவர் கனெக்டர்ல ஒண்ணு பின்னாடி ஒண்ணா சொருகி சைடு டோரை மூடிடறாங்க. சுத்துது, லைட் எரியுது, வாங்கினவரும் சந்தோஷமா எடுத்துட்டுப் போயிடறார். ஆனா மோலெக்ஸ்ல நேரா 12 வோல்ட் போறதால ஆன் பண்ணதுல இருந்து ஆஃப் பண்ற வரைக்கும் ஃபுல் ஸ்பீடுதான், சும்மா ஒரு லெட்டர் டைப் பண்ணாலும் அதே இரைச்சல், அதே வேகத்துல தூசியும் உள்ள வரும், நடுவுல ஒரு ஃபேன் நின்னு போனாக்கூட போர்டுக்குத் தெரியாது ஏன்னா ஸ்பீடு சொல்ற வயர் அதுக்கு வந்து சேரவே இல்ல.

ஃபேன்ல வர்ற வயரைக் கொஞ்சம் பாருங்க. மூணு பின் ஃபேன்னா கிரவுண்ட், 12 வோல்ட், மூணாவது ஸ்பீடு சொல்ற வயர், ஒரு சுத்துக்கு ரெண்டு பல்ஸ் அனுப்பும், அதை எண்ணித்தான் போர்டு ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) காட்டுது. நாலு பின் ஃபேன்ல கூடுதலா பிடபிள்யூஎம் வயர். இதுல வோல்டேஜ் எப்பவும் 12 தான், நாலாவது வயர்ல சுமார் 25 கிலோஹெர்ட்ஸ்ல ஆன் ஆஃப் சிக்னல் போகும், ஆன் நேரம் கூடினா ஸ்பீடு கூடும். மூணு பின்னுக்கு அந்த வயரே இல்லாததால வோல்டேஜைக் குறைச்சுத்தான் ஸ்பீடைக் குறைக்கணும், அதுக்கு பயாஸ்ல (மதர்போர்டோட செட்டிங்ஸ் ஸ்கிரீன்) அந்த ஹெட்டரை டிசி மோடுல வைக்கணும். பிடபிள்யூஎம் மோடுலயே விட்டுட்டீங்கன்னா எவ்ளோ சூட்டுக்கு எவ்ளோ ஸ்பீடுன்னு என்ன கர்வ் போட்டாலும் மூணு பின் ஃபேன் ஃபுல் ஸ்பீடுல கத்திக்கிட்டேதான் இருக்கும்.

ஒரே ஹெட்டர்ல ரெண்டு மூணு ஃபேன் ஓட்ட ஸ்ப்ளிட்டர் கிடைக்குது. அதை உத்துப் பாத்தா ஒரு வாய்ல நாலு பின்னும் இருக்கும், மத்ததுல மூணாவது பின் மட்டும் இருக்காது, அது உடைஞ்சு போனது இல்ல, வேணும்னே எடுத்தது, எல்லா ஃபேனோட பல்ஸும் ஒரே வயர்ல வந்தா போர்டு குழம்பிடும். ஆனா எத்தனை வேணா சொருகலாம்னு நினைக்கக் கூடாது. சாதாரண ஹெட்டர் தாங்கறது 1 ஆம்பியர், அதாவது 12 வாட். ஃபேன் நடுவுல ஸ்டிக்கர்லயே 0.15, 0.3 ஆம்பியர்னு போட்டிருக்கும், அதைக் கூட்டிப் பாருங்க, 0.3 ஃபேன் ஆறுன்னா 1.8 ஆயிடுது, ஹெட்டர் போச்சு. சுத்த ஆரம்பிக்கிற நொடியில இன்னும் கூட இழுக்கும்.

அதனால நாலு ஃபேனுக்கு மேலன்னா நான் சொல்றது சாட்டா பவர்ல (எஸ்எம்பிஎஸ்ல இருந்து ஹார்ட் டிஸ்குக்குப் போற தட்டையான கனெக்டர்) ஓடற பிடபிள்யூஎம் ஹப், பல ஃபேனை ஒண்ணா சொருகற சின்ன போர்டு. கரண்ட் எஸ்எம்பிஎஸ்ல இருந்து நேரா வரும், போர்டு ஹெட்டர்ல இருந்து சிக்னல் மட்டும்தான். சாட்டா கனெக்டர்ல 12 வோல்ட்டுக்கு மூணு பின், ஒவ்வொண்ணும் 1.5 ஆம்பியர், மொத்தம் 4.5, ஆறு ஃபேனுக்கு தாராளம். மோலெக்ஸ்ல இருந்து சாட்டாவுக்கு மாத்தற அந்த மலிவான மோல்டட் (வயரோட சேத்து பிளாஸ்டிக் வார்த்த) கன்வர்ட்டரை மட்டும் நம்பாதீங்க, உள்ள வயர் ஒட்டிக்கிட்டு ஷார்ட் ஆகி உருகிடும். மூணு பின் ஃபேனையும் இந்த ஹப்ல போடாதீங்க, நேரா 12 வோல்ட் போய் ஃபுல் ஸ்பீடுதான்.

கல்யாண வீடியோ எடிட் பண்ற தம்பி ஒருத்தர் மெஷின் கொண்டு வந்தார், வேற எங்கயோ அசெம்பிள் பண்ணது. சத்தம் தாங்கல, இன்னும் ரெண்டு ஃபேன் போட்டுத் தாங்கண்ணான்னு கேட்டார். பின்பக்கத் தகட்டைக் கழட்டினா ஹப் இருக்கு, பவர் கொடுத்திருக்கு, போர்டுக்குப் போக வேண்டிய சிக்னல் வயரை மட்டும் மடிச்சு டேக் போட்டுக் கட்டி வச்சிருக்காங்க. வெட்டி எடுத்து போர்டுல சொருகினதும் சத்தம் அடங்கிடுச்சு, அவர் கேட்ட ரெண்டு ஃபேன் தேவையே படல.

ஆறு ஃபேன் போடறதோட லாபமே மெதுவா சுத்த விடறதுலதான் இருக்கு. ஸ்பீடு பாதியானா காத்தும் பாதிதான், ஆனா இழுக்கற பவர் எட்டுல ஒரு பங்குக்கு வந்துடும், சத்தமும் நல்லா குறையும். ஆறையும் ஃபுல்லா ஓட்டறதுக்கு ரெண்டே போதுமே! கர்வ் போடும்போது இன்னொண்ணு, கேபினட் ஃபேன் வழக்கமா சிபியூ சூட்டைத்தான் பாக்கும், பிரவுசர் திறந்த நொடியில சிபியூ சூடு எகிறிட்டு உடனே இறங்கும், அதுக்கெல்லாம் ஃபேன் எகிறி இறங்கினா தலைவலி, பயாஸ்ல ஸ்டெப் அப் டைம் மாதிரி ஒண்ணு இருக்கும் அதைச் சில செகண்ட் கூட்டி வைங்க. கேம், ரெண்டரிங்னா சூடு கிராபிக்ஸ் கார்டுல இருந்து வரும், அது பெரும்பாலும் பயாஸுக்குத் தெரியாது, விண்டோஸ்ல ஃபேன் கண்ட்ரோல்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, கார்டு சூட்டை வச்சே கேபினட் ஃபேனை ஓட்டலாம். லினக்ஸ்காரங்களுக்கு எல்எம் சென்சார்ஸ்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு.

லைட் வயர் தனி, அதையும் சொல்லிடறேன். ஏஆர்ஜிபி (ஒவ்வொரு எல்இடியும் தனித்தனி கலர் காட்டற லைட்) மூணு பின் 5 வோல்ட், பழைய ஆர்ஜிபி (எல்லாம் ஒரே கலர் காட்டறது) நாலு பின் 12 வோல்ட். அழுத்தி மாத்திச் சொருகினா எல்இடி எரிஞ்சிடும், வாரண்டியும் கிடைக்காது. ரிமோட்டோட வர்ற ஆறு பின் ஃபேன் இருக்கே, அது போர்டுல சேரவே சேராது, அந்தக் கம்பெனி ஹப்போடதான் வாழணும், வாங்கறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க.

கடைக்காரங்க கிட்ட நான் கேக்கறது ரொம்பச் சின்ன விஷயம். பில்லுல ஆறு ஃபேன்னு மட்டும் போடாம எது எந்த ஹெட்டர்ல, டிசியா பிடபிள்யூஎம்மான்னும் எழுதிக் கொடுங்க. டெலிவரிக்கு முன்னாடி பயாஸைத் திறந்து ஸ்பீடு ஏறி இறங்குதான்னு வாங்கறவர் கண்ணு முன்னாடி காட்டுங்க, அஞ்சு நிமிஷ வேலை. நீங்களும் அடுத்த வாட்டி இந்தக் குறிப்பு போடும்போது ஸ்ப்ளிட்டர், ஹப் ரெண்டோட வயரிங் படத்தையும் பக்கத்துல போட்டீங்கன்னா வாங்கறவங்களே கடையில நின்னு கேள்வி கேப்பாங்க.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்ணும் ஒரு வாசகன்,
திருச்சி